நிரம்பியபடியே திரும்பி வந்த தண்ணீர் பாட்டில்

பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கும் வீட்டில் புரட்டாசி பிறந்ததும் தெரியாது, கார்த்திகை வந்ததும் தெரியாது. காலாண்டுப் பரீட்சை என்பார்கள், பரீட்சை லீவு என்பார்கள், சரஸ்வதி பூஜை என்பார்கள், தீபாவளி என்பார்கள். அப்பாடா என்று உட்காருவதற்குள் குழந்தைகள் தினம் வந்து வாசலில் நிற்கும். நடுவில் மழை வேறு. துவைத்த யூனிபாரம் காயாது, ஷூவுக்குள் ஈரம் போகாது, காலையில் எழுப்பினால் பிள்ளை எழுந்திருக்காது. இந்த அமளியில் நம் கண்ணுக்கு நேராக நடக்கிற ஒன்று நமக்குத் தெரியாமலே போய்விடும். எனக்கு அப்படித்தான் போயிற்று. 2024ஆம் வருஷம் ஐப்பசி மாதம் எங்கள் வீட்டில் நடந்ததை வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

எனக்கு இரண்டு பெண்கள். பெரியவள் அப்போது பிளஸ் ஒன், சின்னவள் மூன்றாம் வகுப்பு. (ஏன் இத்தனை இடைவெளி என்று கேட்காத உறவுக்காரர் கிடையாது. அது வேறு கதை.) வீட்டுக்காரருக்கு லேத் பட்டறையில் வேலை. பீளமேட்டில் எந்தச் சந்தில் நுழைந்தாலும் ஒரு லேத்தோ, மோட்டார் பம்பு சாமானோ, கிரைண்டர் கல்லோ கண்ணில் படும் என்பது இந்தப் பக்கம் வந்து போகிறவர்களுக்குத் தெரியும். பூளைப்பூ மண்டிக் கிடந்த மேடு என்பதால் பூளைமேடு, அது மருவித்தான் பீளமேடு ஆயிற்று என்று எங்கள் அப்பாரு சொல்வார். இப்போது பூளைப்பூவைப் பொங்கலுக்குக் காப்புக் கட்டக் காசு கொடுத்து வாங்குகிறோம்!

சின்னவளை வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிற தொடக்கப்பள்ளியில் சேர்த்திருந்தோம். நல்ல டீச்சர்கள். பிள்ளைகளை அடிக்கிற வழக்கம் கிடையாது. காலையில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று ஏதாவது ஒன்று சூடாகக் கொடுத்துவிடுகிறார்கள். 2022 செப்டம்பர் 15ஆம் தேதி மதுரையில் தொடங்கிய திட்டம் அது. மறு வருஷம் ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. எங்கள் காலத்தில் மத்தியானச் சாப்பாடுதான். எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் தொடங்கிவைத்த சத்துணவைத் தட்டு ஏந்தி வாங்கிச் சாப்பிட்டவள்தான் நானும். அதில் எனக்குப் பெருமையே தவிரக் குறை ஒன்றும் இல்லை.

அந்த வருஷம் ஆகஸ்டில் பள்ளி மேலாண்மைக் குழுவைப் புதிதாக அமைத்தார்கள். 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தில் இந்தக் குழுவைப் பற்றிச் சொல்லியிருக்கிறது. உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். "நீங்க வீட்டுலதான இருக்கறீங்க, வாங்க" என்று டீச்சர் கூப்பிட, நானும் உறுப்பினராகிவிட்டேன். "வீட்டுலதான இருக்கறீங்க" என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குச் சுருக்கென்று வரும். ஆனாலும் போனேன்.

அப்புறம் வந்தது பண்டிகைக் காலம். காலாண்டு லீவு முடிந்து அக்டோபர் 7ஆம் தேதி பள்ளி திறந்தது. அந்த வாரமே ஆயுத பூஜை. கோயமுத்தூரில் ஆயுத பூஜை என்றால் தீபாவளிக்குச் சமம். பட்டறை பட்டறையாக மெஷினுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, வாழை கட்டி, பொரி கடலை கொடுப்பார்கள். பள்ளியிலும் பிள்ளைகள் புத்தகத்தை அடுக்கிவைத்துச் சுண்டல் சாப்பிட்டார்கள். 15ஆம் தேதி அப்துல் கலாம் பிறந்த நாள். சின்னவள் மூன்று நிமிஷம் பேசினாள். அதே நாள்தான் உலகக் கை கழுவும் நாளும். 2008இலிருந்து உலகம் முழுக்க அனுசரிக்கிறார்களாம். பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, நகக்கண் என்று சோப்புப் போட்டுத் தேய்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். நாங்களும் நின்று கைதட்டினோம். போட்டோ எடுத்துக்கொண்டோம். அந்தக் குழாயடிக்குப் பின்னாலேதான் பெண் பிள்ளைகளின் கழிப்பறை. ஒருவராவது ஒரு நடை நடந்து எட்டிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் நான் படித்த தமிழ்ப் பாடத்தில் ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர்காலம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். சின்னவள் வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிற படத்தில் இந்தப் பருவத்துக்குச் சிவப்புச் சிவப்பாக இலை கொட்டுகிற மரம் போட்டிருக்கிறது. நம்ம ஊரில் எந்த மரம் சிவக்கிறது? இங்கே வடகிழக்குப் பருவமழைதான். கோயமுத்தூருக்கு வருஷத்தில் கிடைக்கிற மழையில் பாதியளவு இந்த மூன்று மாதத்தில் பெய்துவிடும். மைதானம் சேறாகும். சாயங்காலக் காற்று சிலுசிலுவென்று இருக்கும். இந்தக் குளிரில் பெரியவர்களுக்கே தாகம் எடுக்காது. பிள்ளை தண்ணீர் குடிக்காமல் இருந்தாலும், "வெயிலா அடிக்குது? குளிருக்குத் தாகம் எடுத்திருக்காது" என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம்.

நான் சொன்ன சமாதானமும் அதுதான். தினமும் ஒரு லிட்டர் பாட்டிலில் காய்ச்சி ஆற வைத்த தண்ணீர் நிரப்பிக் கொடுத்தனுப்புவேன். சாயங்காலம் பாட்டிலைத் திறந்தால் கழுத்து மட்டும் இறங்கியிருக்கும். சில நாள் அதுவும் இறங்கியிருக்காது. நல்ல தண்ணீரைச் சாக்கடையில் கொட்ட மனசு வருமா? கொல்லையில் இருக்கும் கருவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவேன். செடி தளதளவென்று தழைத்து நின்றது. எதிர்வீட்டு அக்கா, "என்ன உரம் போடறே அம்மணி?" என்று கேட்கிற அளவுக்கு!

இன்னொரு அடையாளமும் இருந்தது. வீட்டுப் படி ஏறியதும் பையைக் கழற்றி எறிந்துவிட்டு நேராகப் பாத்ரூமுக்குத்தான் ஓடுவாள். ஷூவைக்கூடக் கழற்ற மாட்டாள். "ஏன்டி இப்படி மண்ணும் சேறுமா வீட்டுக்குள்ள ஓடறே?" என்று சேற்றுக்குத்தான் திட்டினேனே தவிர, ஏன் ஓடுகிறாள் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

தீபாவளி போயிற்று. நவம்பர் 14 குழந்தைகள் தினம், மாறுவேடப் போட்டி. சின்னவளுக்கு வேலு நாச்சியார் வேஷம் போட்டே தீருவது என்று எனக்கு ஆசை. என் அரக்குப் பட்டுச் சேலையை நாலாக மடித்துச் சுற்றி, பத்துப் பதினைந்து ஊக்குக் குத்தி, ஒட்டியாணம் போட்டு, அட்டைக் கத்தியில் வெள்ளிப் பேப்பர் ஒட்டிக் கொடுத்தேன். எட்டரை மணிக்கெல்லாம் ராணி தயார். கிளம்பும்போது நான் சொன்ன வார்த்தை இன்னமும் என் காதில் கேட்கிறது. "கண்ணு, சேலையை அவுத்துறாதே, டீச்சருக்கு மறுபடி கட்டத் தெரியாது. தண்ணி கிண்ணி குடிக்காதே, ஒண்ணுக்கு வரும்."

நிகழ்ச்சி மத்தியானம் வரை இழுத்துவிட்டது. மழை தூறியதால் மேடையை வராந்தாவுக்கு மாற்றினார்கள், அதில் ஒரு மணி நேரம் போயிற்று. அப்புறம் பேச்சு, பாட்டு, பரிசு. என் பெண்ணுக்கு இரண்டாம் பரிசு, ஒரு பென்சில் பெட்டி. வீட்டுக்கு வந்து ஊக்கைக் கழற்றக் கழற்றத் துடிதுடித்தாள். கடைசி ஊக்கைக் கழற்றுவதற்குள் பட்டுச் சேலை நனைந்துவிட்டது. அழுதாள். "பரவாயில்ல சாமி" என்றேன். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

மறுநாள் ராத்திரி காய்ச்சல். 102 டிகிரி. மழைக் காய்ச்சல் என்று நினைத்தோம். சளி இல்லை, இருமல் இல்லை, தொண்டை வலி இல்லை. மழை சீசன் ஆயிற்றே, டெங்குவாக இருக்குமோ என்று வீட்டுக்காரருக்குப் பயம். ரசம் கொடுத்தேன், நெற்றியில் பற்றுப் போட்டேன், பாராசிட்டமால் சிரப் கொடுத்தேன். காய்ச்சல் இறங்கும், ஏறும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி படுக்கையை நனைத்துவிட்டாள். மூன்று வயசிலேயே அந்தப் பழக்கம் நின்றுபோன பெண். "எரியுதும்மா" என்று அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

திங்கட்கிழமை காலையில் குழந்தை டாக்டரம்மாவிடம் ஓடினோம். அவர் முதலில் கேட்டது, "ஸ்கூல்ல எத்தனை தடவை பாத்ரூம் போறா?" என்னைப் பார்த்துக் கேட்டார். நான் பெண்ணைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். "போறதே இல்லீங்க டாக்டர்" என்றாள்.

நிற்க. டாக்டரம்மா அன்று பொறுமையாக எனக்குச் சொன்னதை அப்படியே சொல்லிவிடுகிறேன். இளம் தாய்மார்களுக்கு உதவும். பெண் குழந்தைகளுக்குச் சிறுநீர் வெளியே வரும் பாதை ரொம்பச் சின்னது. கிருமி சுலபமாக மேலே ஏறிவிடும். அடிக்கடி தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழித்தால் அந்தக் கிருமியை அதுவே கழுவித் தள்ளிவிடும். காலையிலிருந்து சாயங்காலம் வரை அடக்கி வைத்தால் தேங்கின குட்டையில் பாசி பிடித்த மாதிரி கிருமி பெருகும். சளி, இருமல் இல்லாமல் காய்ச்சல் வந்தாலும், அடிவயிறு வலிக்கிறது, எரிகிறது என்றாலும், சிறுநீரில் துர்நாற்றம் இருந்தாலும், நின்றுபோன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்ப வந்தாலும் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிட வேண்டும். அதுவும் மருந்து தொடங்குவதற்கு முன்னால் பிடித்துக் கொடுக்க வேண்டும். சுத்தம் செய்துவிட்டு, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்கிற கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகிறது.

மருந்து கொடுத்த இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டது. நான் பாட்டிலை மூடி வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். "அந்தத் தப்பை மட்டும் செய்யாதீங்க. சொன்ன நாள் முழுக்கக் கொடுங்க" என்று முன்பே எச்சரித்திருந்ததால் தப்பித்தேன். பார்லித் தண்ணீர், இளநீர், நீர்மோர் எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாமாம், ஆனால் மருந்துக்குப் பதிலாக அல்ல. மலச்சிக்கல் உண்டா என்றும் கேட்டார். இருந்தது. அதையும் சேர்த்துத்தான் அடக்கியிருக்கிறாள்! குடலில் மலம் கட்டிக்கொண்டால் அது சிறுநீர்ப்பையை அழுத்தி, சிறுநீர் முழுசாக வெளியேற விடாதாம். கீரை, கொய்யா, பப்பாளி, வாழைப்பழம் கொடுக்கச் சொன்னார். கால் கழுவும்போது முன்னாலிருந்து பின்னால்தான் கழுவ வேண்டும், மாற்றிச் செய்யக் கூடாது என்று பெண்ணுக்கே கையால் காட்டினார். எட்டு வருஷம் வளர்த்த நான் அதைச் சொல்லிக் கொடுத்ததில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம். சிறுநீரகத்துக்குப் பாதிப்பு இல்லை. திரும்பத் திரும்ப வந்தால் சிறுநீரகத்தில் தழும்பு விழுந்து, பிற்காலத்தில் ரத்தக் கொதிப்பில் கொண்டுவிடலாம் என்று கேட்டபோது எனக்குக் கையும் காலும் ஓடவில்லை.

வீட்டுக்கு வந்து மெதுவாகக் கேட்டேன். ஏன் கண்ணு போறதில்லை? கதை கதையாக வந்தது. மூன்று கதவில் இரண்டுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் ஒருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இவளுக்குக் கதவு பிடிக்கிற தோழி காலாண்டு லீவுக்குப் பிறகு அப்பாவுக்கு வேலை மாறி திருப்பூர் போய்விட்டாள். தனியாகப் போனால் பையன்கள் கதவைத் தள்ளிவிட்டு ஓடுகிறார்கள். மழை பெய்தால் போகிற வழியெல்லாம் தண்ணீர் தேங்கி, செங்கல் மேல் தாண்டித் தாண்டிப் போக வேண்டும். "அதான் தண்ணி குடிக்கறதில்ல. குடிச்சாத்தானேம்மா வரும்?"

குடித்தால்தானே வரும்! இந்தக் கணக்கை இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நான்தான். கல்யாணத்துக்குப் பல்லடம் போனாலும், பழனிக்குப் பஸ் ஏறினாலும், "கிளம்பற நேரத்துல தண்ணி குடிக்காதே, வழியில எங்க போவே" என்று நான் சொன்னதைக் கேட்டு வளர்ந்தவள். குழந்தைகள் தினத்தன்றும் அதையேதானே சொல்லி அனுப்பினேன்.

எனக்குச் சொன்னது என் அம்மா. அவர் மில்லில் ரீலிங்கில் இருந்தார். "வெளிய போற பொம்பள தண்ணியை அளந்துதான் குடிக்கோணும்" என்பார். ஷிப்டுக்குப் போகும் முன் காப்பி, திரும்பி வந்து சொம்புத் தண்ணீர். நடுவில் வாய் நனைக்கிறதோடு சரி. நாற்பது வயசில் அவருக்குக் கல் வந்து புரண்டு புரண்டு அழுததை நான் பார்த்திருக்கிறேன். பேத்திக்குக் காய்ச்சல் என்று பார்க்க வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு, "அம்மிச்சி சொன்னதெல்லாம் தப்புடா கண்ணு. நீ குடி. வந்தா போ" என்றார்.

பெரியவளிடம் கேட்டேன், "நீயும் இப்படித்தானா?" நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "எங்க கிளாஸ்ல எல்லாப் பொண்ணுங்களும் இப்படித்தாம்மா. மாசத்துல அந்த மூணு நாளு கூட" என்றாள். இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வருத்தம்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசினேன். எழுந்து நின்றபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. நாலு ஆண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் எதிரில் ஒண்ணுக்குப் போவதைப் பற்றி எப்படிப் பேசுவது? போன கூட்டத்தில் மேடைக்குத் திரை எந்த நிறம், பிள்ளைகளுக்கு லட்டா சாக்லேட்டா என்று வாய் ஓயாமல் பேசினவள் நான். எப்படியோ சொல்லி முடித்தேன். சத்தமே இல்லை. பிறகு இட்லிக் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா, "என் புள்ளயும் வந்ததும் பாத்ரூமுக்குத்தானுங்க ஓடுது. நானும் ஆட்டம்னு நெனச்சுட்டேன்" என்றார். இன்னொருவர், இன்னொருவர் என்று ஆறு பேர் அதையே சொன்னார்கள்.

தலைமையாசிரியை கோபப்படுவார் என்று பயந்தேன். கோபப்படவில்லை. தாழ்ப்பாளுக்கு எழுதிப் போட்டிருப்பதாகச் சொன்னார், சுத்தம் செய்ய வருகிறவர் ஒருவர்தான், அவரும் பாதி நாள் வருவதில்லை என்றார். எழுதிப் போட்டது வரும்போது வரட்டும் என்று அந்தச் சனிக்கிழமை என் வீட்டுக்காரர் டிரில்லிங் மெஷினோடு போனார். தாழ்ப்பாள், உள்ளே துணி மாட்டக் கொக்கி, இரண்டு வாளி, மூன்று மக்கு. எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய் தாண்டவில்லை. குழந்தைகள் தினத்துக்கு நான் வாங்கிய ஒட்டியாணமும் வளையலும் அட்டைக் கத்தியும் அதில் பாதிக்கு மேல் ஆகியிருந்தது! பட்டறையிலிருந்து ஒரு நடை ஜல்லித் தூள் கொண்டுவந்து பாதையில் கொட்டி மேடாக்கினார்கள்.

கேரளாவில் 2019இலேயே பள்ளிகளில் தண்ணீர் குடிக்க என்றே மணி அடிக்க ஆரம்பித்தார்கள் என்று ஒரு டீச்சர் சொன்னார். அதே மாதிரி பதினோரு மணிக்கும் இரண்டரை மணிக்கும் அடிக்கலாம் என்று முடிவாயிற்று. நான் ஒன்று மட்டும் பிடிவாதமாகச் சொன்னேன்: குடிக்க மணி அடித்தால் போதாது, போய்வரவும் ஐந்து நிமிஷம் விட வேண்டும், பெண் பிள்ளைகளை முதலில் விட வேண்டும். போகவர வழி இல்லாமல் தண்ணீரை மட்டும் குடிக்கச் சொன்னால் பிள்ளைகள் பாட்டிலைச் செடிக்குத்தான் ஊற்றுவார்கள். 2025 ஜூனில் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் தண்ணீர் மணி அறிவிப்பு வந்தபோது எங்கள் பள்ளியில் ஏற்கெனவே அடித்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சுத்தம் செய்கிறவர் வராத நாள் இன்னும் இருக்கிறது. ஒரு தாழ்ப்பாள் மறுபடி ஆடுகிறது. பெரியவளுடைய பள்ளிக்கு நான் இன்னும் போய்ப் பேசவில்லை, அவள் "வேண்டாம்மா, மானம் போயிடும்" என்கிறாள். இந்த மாதம் போகப் போகிறேன், அவளுக்குச் சொல்லாமல்.

இப்போதெல்லாம் ஏழெட்டு வயசுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஐந்தாறு டம்ளர் என்று கணக்கு வைத்துப் பார்க்கிறேன். மழை நாளில் பச்சைத் தண்ணீர் வேண்டாம் என்று சிணுங்கினால் சீரகம் போட்டுக் கொதிக்க வைத்து வெதுவெதுப்பாக ஊற்றிக் கொடுக்கிறேன். சாயங்காலம் மார்க்கைக் கேட்பதற்கு முன்னால் பாட்டிலைத்தான் கையில் வாங்குகிறேன். கனம் இல்லாமல் இருந்தால் அன்றைக்கு நிம்மதி. கருவேப்பிலைச் செடி கொஞ்சம் வாடித்தான் போயிற்று. அதற்குத் தனியாக ஒரு குடம் எடுத்து ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.